குளத்துப் பறவைகளின் நிறத்தில் ஒரு பருத்திச் சால்வை: பாதி வழியில் சில குறிப்புகள்

கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் காலையில் பார்க்கும் பறவைகளின் நிறங்களை மாலையில் வீட்டில் உட்கார்ந்து நூலில் பின்னிச் சேர்க்கும் சால்வை, இப்போது பாதி நீளத்தைத் தாண்டியிருக்கிறது. ஒரு பறவைக்கு ஒரு பட்டை என்பது திட்டம். பறவையின் உருவத்தைப் பின்னுவதில்லை. அதன் உடலில் நிறங்கள் எந்த வரிசையில், எந்த அளவில் அமைந்திருக்கின்றனவோ அதே வரிசையிலும் அளவிலும் நூலை மாற்றுகிறேன். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, மடையான் ஆகிய ஐந்தும் முடிந்திருக்கின்றன.

நூலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கம்பளி போர்த்தும் அளவுக்கு இங்கே குளிர் கிடையாது. கைப்பின்னலுக்கென்று கடையில் கிடைக்கும் உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். ஆகவே துண்டும் போர்வையும் நெய்யப் பயன்படும் 10ஆம் நம்பர் (நூலின் தடிமனைக் குறிக்கும் எண்) பருத்திக் கோன் நூலை, அதாவது கூம்பில் சுற்றி வரும் நூலை, எட்டு இழை சேர்த்து, 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னுகிறேன். பருத்திக்குக் கம்பளியைப் போல இழுத்தால் மீளும் குணம் இல்லாததால் ஓரத்து ரிப் (மேடும் பள்ளமுமாக வரும் கோட்டுப் பின்னல்) பகுதிக்கு மட்டும் ஒரு அளவு சிறிய ஊசியை எடுத்துக்கொண்டேன். நெசவாளர்களிடம் மிஞ்சிய கோன்களையே தேடி வாங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்தக் குளத்துக்கு நீர் தரும் நொய்யல் ஆறுதான் கீழே திருப்பூர் வழியாகவும் ஓடுகிறது. அங்கே சாயக்கழிவு ஆற்றைக் கெடுத்து, 2011இல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் நிலை வரை போனது. நீர்ப்பறவைகளுக்காகப் பின்னும் சால்வைக்கு, ஏற்கெனவே சாயமேற்றிக் கிடக்கும் நூலே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

எட்டு இழை முறையில் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. எட்டையும் ஒரே நிறமாக வைக்க வேண்டியதில்லை என்பதால், பறவையை முன்னைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. நாமக்கோழி கறுப்பு என்றுதான் எல்லோரும் சொல்வோம். தொலைநோக்கியில் நின்று பார்த்தால் தலையும் கழுத்தும்தான் நல்ல கறுப்பு, உடல் சற்றே சாம்பல் கலந்தது. உடலுக்கு ஐந்து கறுப்பு இழையும் மூன்று சாம்பல் இழையும், தலைக்கு எட்டும் கறுப்பு, அலகுக்கும் நெற்றிக் கேடயத்துக்கும் (அலகுக்கு மேலே நெற்றியில் தெரியும் வெள்ளைத் தகடு) ஒரே ஒரு வெள்ளை வரிசை என்று வைத்தவுடன் பட்டை சரியாக அமைந்துவிட்டது. நீலத் தாழைக்கோழிக்கு இழைக் கணக்கு அடிக்கடி மாறியது. அதன் தலை சாம்பல் படிந்தது, மார்பு பச்சை கலந்த நீலம், முதுகு ஊதா நீலம். வெயில் விழும் பக்கம் மாறினால் அந்த நீலங்களும் மாறுகின்றன. நடக்கும்போது வாலைச் சொடுக்கிக் காட்டும் வெள்ளையைப் பட்டையின் கடைசி வரிசையில் வைத்தேன்.

மடையான்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கரையோரச் சேற்றில் அசையாமல் நிற்கும்போது அது மண்ணும் வைக்கோலும் கலந்த பழுப்புக் கோடுகளாகத்தான் தெரியும். அருகில் போகும் வரை அங்கே பறவை இருப்பதே தெரியாது. எழுந்து பறந்தவுடன் இறக்கைகளும் வாலும் முழு வெள்ளை. இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரிசைகளாக வைப்பது பொய்யாகிவிடும், ஏனென்றால் பறவையில் ஒன்று இருக்கும்போது மற்றது மறைந்திருக்கிறது. அதனால் இந்தப் பட்டையை மட்டும் இருபக்கப் பின்னலாகச் செய்தேன். ஒவ்வொரு கண்ணியையும் (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) இரண்டாகப் பிரித்து, முன்பக்கக் கண்ணியைப் பழுப்பு நூலால் நிட்டாகவும் (நேர்ப் பின்னல்) அதற்கடுத்த பின்பக்கக் கண்ணியை வெள்ளை நூலால் பர்லாகவும் (அதன் மறுபுறப் பின்னல்) போட்டுச் செல்ல வேண்டும். நிட் போடும்போது இரண்டு நூல்களும் ஊசிக்குப் பின்னாலும், பர்ல் போடும்போது இரண்டும் முன்னாலும் சேர்ந்தே போக வேண்டும். ஒரு நூல் பின்தங்கினால் மறுபக்கத்தில் குறுக்கே கோடாகத் தெரியும். நிறத்தை எங்கும் மாற்றாவிட்டால் இரண்டு அடுக்குகளும் பை போலத் தனித்தனியே நிற்கும் என்பதால், சில இடங்களில் பழுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றினேன். அந்தக் கண்ணிகளே மடையானின் கழுத்துக் கோடுகளாகவும் அமைந்துவிட்டன. ஓரத்தில் இரு நூல்களையும் ஒருமுறை முறுக்கிக்கொண்டால் விளிம்பு மூடிக்கொள்ளும். பட்டை அகலமாகப் பரவாமலிருக்க 3.5 மில்லிமீட்டர் ஊசி. முடிவில் இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னி ஒற்றைப் பின்னலுக்குத் திரும்பினேன். நூல் இரட்டிப்பாகச் செலவாகும், கையும் வலிக்கும். ஆனால் சால்வையைப் புரட்டும்போது அந்த இடத்தில் மட்டும் வெள்ளை விரிவதைப் பார்த்த பிறகு, வேறு எப்படியும் இதைச் செய்திருக்கக் கூடாது என்றே தோன்றுகிறது.

இனப்பெருக்கக் காலத்தில் மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். அதற்குத் தனிப் பட்டை வைப்பதற்கு முன், சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்குகிறதா என்று ஒரு சிறு சதுரத்தைப் பின்னி வெந்நீரில் ஊறவைத்துப் பார்க்கப்போகிறேன்.

வெண்மார்பு மீன்கொத்தியை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதன் தலைக்கும் வயிற்றுக்கும் பொருந்தும் காவிப் பழுப்பு கையில் இருக்கிறது. முதுகின் நீலம்தான் கிடைக்கவில்லை. அந்த நீலம் சாயப்பொருளால் வருவதன்று, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. மட்டான பருத்தியில் எத்தனை நீல இழைகளைக் கலந்தாலும் அந்த ஒளிர்வு வருவதில்லை. கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆணின் மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள், பெண்ணுக்கு நடுவில் விடுபட்ட ஒரே பட்டை என்பதால் இரண்டையும் அருகருகே பின்னலாம்.

அதற்கும் முன்னால் வரவேண்டியது நீளவால் இலைக்கோழி. இனப்பெருக்கக் காலத்துக்கு வெளியே அதற்கு அந்த நீண்ட வாலும் இல்லை, சாக்லேட் நிற உடலும் இல்லை. பிடரியின் பொன் மஞ்சளுக்கும் வாலின் கறுப்புக்கும் கோன்களை எடுத்து வைத்துவிட்டேன். பறவை முழு நிறத்துக்கு வந்ததும் இழைக் கணக்கைக் குறித்துக்கொண்டு கண்ணிகளை ஏற்றத் தொடங்குவேன்.