பெரியம்மா கதிரைக்கு மேல தூக்கின கால்

போன மாசம் மச்சான் கத்தார்ல இருந்து லீவுல வரக்குள்ள ஒரு விஆர் செட் கொண்டு வந்தான், கண்ணுக்கு மேல மாட்டினா வேற ஒரு இடத்துக்குள்ள நிக்கிற மாதிரிக் காட்டுற சாமான். சொக்லேட், ஷாம்பு எல்லாத்துக்கும் அடியில துவாயில சுத்திக் கிடந்திச்சு. ரெண்டு நாள் பெடியனுகள் விடிய விடிய அடிபட்டு விளையாடினானுகள், மூணாம் நாள் ஒருத்தன் டீவி ஸ்டாண்டுல ஓங்கிக் குத்தி விரல் மொழி வீங்கி, மறுகா செட்டு அலுமாரிக்கு மேல போயிட்டு. நான் அப்பதான் கையில எடுத்தன். நான் பாக்கிறது சாதாரண வெப் வேலைதான், ஆனா மனிசரும் கம்பியூட்டரும் எப்புடிப் புழங்குறாங்க எண்டு வாற ஆராய்ச்சிக் கட்டுரைகள ராவுல படுத்துக் கிடந்து வாசிக்கிற பழக்கம் ஒண்டு இருக்கு. வாசிச்சதுல கொஞ்சத்த வீட்டிலயே பாப்பமே எண்டு நினைச்சன். ஆம்பிட்ட ஆள் பெரியம்மா. எழுபது தாண்டிட்டு, கண்புரைக்கு லென்ஸ் மாத்தினவ, எதையும் மாட்டன் எண்டு சொல்லாத மனிசி.

முதல் பிரச்சினையே கொண்டை. பின்னால வாற பட்டி சரியா கொண்டையில வந்து முட்டுது. பட்டிய மேல ஏத்தினா முன்பக்கம் மூக்குல இறங்குது, கீழ இறக்கினா கழுத்துல வழுக்குது. கொண்டைய அவிழ்த்துப் பாத்தம், தேங்காயெண்ணெய் தலை, பட்டி நிக்கவே இல்ல. அதுக்குள்ள மட்டக்களப்புக் கல்லடி வெக்கைக்கு லென்ஸ் ரெண்டும் ஆவி புடிச்சு, பெரியம்மா "மனே, பனி கொட்டுதுகா" எண்டுறா. அரைக்கிலோ கிட்ட வரும் அந்தச் சாமான், அஞ்சு நிமிசத்துல கழுத்து நோகுது எண்டுட்டா. அம்மா குசினிக்குள்ள இருந்து "பேன் கொழுவுற கொக்கியில கட்டித் தொங்க உடன்டா" எண்டு பகிடி விட்டா. பகிடி இல்ல அது! 1968ல ஐவன் சதர்லாண்ட் எண்ட கம்பியூட்டர் விஞ்ஞானி முதல் முதல் காட்டின ஹெட்செட் கூரையில இருந்துதான் தொங்கினது, ஒரு இரும்புக் கை மேல இருந்து வந்து தலையோட சேரும், தலை எந்தப் பக்கம் கிறுகுது எண்டு அளக்கிறதும் அந்தக் கைதான். இத அம்மாட்ட சொன்னன், "அப்ப எனக்கும் ஒரு பட்டம் தா" எண்டா.

கொண்டைய சின்ன விசயம் எண்டு நினைக்காதீங்க. விஆர் போட்டா பொம்பிளையளுக்குத்தான் கூட தலை சுத்தும், சத்தி வரும் எண்டு கன காலமா சொல்லிட்டு வந்தாங்க, ஏதோ பொம்பிளைட உடம்புலதான் பிழை எண்ட மாதிரி. 2020ல கே ஸ்டானியும் ஆக்களும் ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, அதுல தெரிய வந்தது என்னண்டா, ஹெட்செட்டுட ரெண்டு லென்சுக்கும் நடுவில இருக்கிற தூரம் கன பொம்பிளையள்ட கண்ணுக்குப் பொருந்தல்ல, அதுதான் பெரிய காரணம், தூரம் பொருந்தின பொம்பிளையளுக்கு ஆம்பிளையளுக்கு வாற அளவுதான் வந்திச்சு. செருப்பு கடிச்சா செருப்பத்தானே மாத்துவம், கால வெட்டுறதில்லயே. மனிசரும் கம்பியூட்டரும் புழங்குறத ஆராயிற துறைட பெரிய மாநாடு சிஎச்ஐ, அங்க 2016ல இருந்து 2020 வரைக்கும் வந்த கட்டுரைகள எடுத்து ஆரையெல்லாம் வெச்சு சோதிச்சிருக்காங்க எண்டு இன்னொரு கூட்டம் எண்ணிப் பாத்து 2021ல போட்டாங்க. முடிவுகள்ல 73 வீதம் மேற்கு நாட்டு ஆக்கள வெச்சு எடுத்தது, அவங்க உலக சனத்தொகையில 12 வீதமும் வரமாட்டாங்க. மனிசரை நடுவில வெச்சுச் செய்யிறம் எண்டு பேர், அந்த மனிசர் ஆரெண்டு பாத்தா கொண்டை இல்லாத, வேர்க்காத, பெரும்பாலும் கம்பஸ் படிக்கிற பெடியன் பெட்டையள்.

சரி, ஒரு மாதிரி துவாய மடிச்சு கொண்டைக்குக் கீழ அடைஞ்சு பட்டிய இறுக்கிட்டன். மனச ஆறுதல் படுத்திற ஆப் ஒண்டு இருந்திச்சு, திறந்த உடனே முன்னால வாறது கடற்கரை, தென்னை, மெல்ல மெல்ல அலை. செஞ்சவங்களுக்கு கடல் எண்டா ஆறுதல்தான், எனக்கும் அப்ப வேற ஒண்டும் தோணல்ல, அதுதான் என்ட மொக்குத்தனம். பெரியம்மா கடலோரத்து நாவலடிக்காரி. 2004 டிசம்பர் 26க்கு முதல் அவட வீடு அங்கதான் இருந்தது. அதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் கல்லடி பீச்சுக்கு எல்லாரும் கடலை வாங்கித் தின்னப் போனாலும் அவ வாறதில்ல.

ஒரு சத்தமும் போடல்ல அவ. அலை ஒண்டு கிட்ட வந்திச்சு, சீலைய ஒரு கையால புடிச்சிட்டு கால் ரெண்டையும் கதிரைக்கு மேல தூக்கிட்டா, அவ்வளவுதான். நான் பாய்ஞ்சு கழட்டினன். கழட்டின பிறகும் ஒரு நிமிசம் கால இறக்கல்ல, கீழ சீமெந்து நிலத்தப் பாத்துக்கொண்டே இருந்தா.

இதத்தான் மெல் ஸ்லேட்டர் எண்ட விஆர் ஆராய்ச்சியாளர் 2009ல ரெண்டாப் பிரிச்சு எழுதினவர். ஒண்டு, நான் அந்த இடத்திலதான் நிக்கிறன் எண்ட உணர்வு, மற்றது, இஞ்ச நடக்கிறது மெய்யாவே நடக்குது எண்ட உணர்வு. ரெண்டும் சேந்தா, பொய் எண்டு அறிவுக்குத் தெரிஞ்சாலும் உடம்பு மெய்க்கு நடக்கிற மாதிரித்தான் நடக்கும். நான் வாசிக்கக்குள்ள தலையாட்டினன், ஆனா விளங்கினது அந்தக் கால் மேல போகக்குள்ளதான். இதையே மருந்தாவும் பாவிக்கிறாங்க. 1995லயே பார்பரா ரோத்பாமும் ஆக்களும் உயரத்துக்குப் பயப்பிடுறவங்கள விஆர்ல ஏத்திப் பயத்தைக் குறைச்சாங்க, 2018ல ஒக்ஸ்போர்ட்ல 100 பேர வெச்சு செஞ்ச சோதனையில தெரப்பிஸ்ட் இல்லாம கம்பியூட்டர் ஆளே படிப்படியா வழிகாட்டி நல்லாவே வேலை செஞ்சது. ஆனா அதில ஒவ்வொரு படியும் அளந்து வெச்சது. அலுமாரிக்கு மேல கிடந்த செட்ட எடுத்து பெரியம்மாட தலையில கவுத்தினது வைத்தியம் இல்ல. (அம்மா எனக்கு ரெண்டு நாள் முகம் குடுத்துக் கதைக்கல்ல, நியாயம்தான்.)

மச்சானுக்கு வேற ஒண்டு சொல்லணும், இதையும் எழுதி விடுறன். அந்தச் செட்டுல நீ தலை ஆட்டுறது, கை வீசுறது எல்லாம் டேட்டாவாப் போகுது. 2023ல பேர்க்லி ஆராய்ச்சியாளர்கள் பீட் சேபர் எண்ட விஆர் கேம் விளையாடின 50,000க்கு மேல ஆக்கள்ட அசைவ எடுத்து, வெறும் 100 செக்கன் அசைவ வெச்சே இது இன்னார் எண்டு நூத்துக்கு 94 தரம் புடிச்சாங்க. பேர் குடுக்கல்ல, முகம் காட்டல்ல எண்டு நினைச்சிட்டு இருக்காத.

எல்லாரும் ஆக்கள மறந்துதான் செய்யிறாங்க எண்டும் இல்ல. நம்ம நாட்டுல பிறந்த சுரங்க நானாயக்கார கண் தெரியாத ஆக்களுக்கெண்டு சாமான் செய்யிறவர், எம்ஐடி மீடியா லேப்ல அவர் இருந்த கூட்டம் மோதிரம் மாதிரி விரல்ல போடுற சின்னக் கேமரா ஒண்டு செஞ்சது, எழுத்துக்கு மேல விரல ஓட்டினா வாசிச்சுச் சொல்லும். பெரியம்மாட மருந்துக் குளிசைப் பெட்டியப் பாக்கக்குள்ளயெல்லாம் எனக்கு அந்த மோதிரம்தான் ஞாபகம் வாறது.

ரெண்டு கிழமை கழிச்சு பெரியம்மாவே கேட்டா, "அதுக்குள்ள வட்டை காட்டுமா மனே?" வட்டை எண்டா வயல்வெளி. அவ பிறந்தது வாவிக்கு அந்தப் பக்கம் வயல் நிறைஞ்ச படுவான்கரையில, கலியாணம் கட்டித்தான் கடல் பக்கம் வந்தவ. கலியாண வீடியோ எடுக்கிற கூட்டாளிட்ட 360 கேமரா ஒண்டு இரவல் வாங்கி, விடியக் காலமையே மண்முனைப் பாலத்தால ஏறி கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய், தெரிஞ்ச ஒருத்தர்ட வரம்புல ஸ்டாண்ட ஊண்டி வெச்சிட்டு நான் வாடிக்குப் பின்னால ஒளிச்சு நிண்டன், இல்லாட்டி எந்தப் பக்கம் கிறுகினாலும் என்ட மூஞ்சிதான் தெரியும்.

இந்த முறை கொண்டை போடாம பின்னிட்டு வந்தா. முதல்ல பேசவே இல்ல, மெல்ல மெல்ல ஒரு சுத்து கிறுகினா. மறுகா தொடங்கிட்டா. "என்னகா இது, பரணுக்கு மேல நிக்கிற மாதிரி இரிக்கு." சரிதான், ஸ்டாண்ட என்ட உயரத்துக்கு வெச்சிட்டன், அவ என்ட தோளுக்குத்தான் வருவா. அடுத்தது கோரை ஒண்டக் கண்டு, புடுங்குற மாதிரி குனிஞ்சா, "நான் குனிஞ்சா வெள்ளாமையும் சேந்து குனியுதே" எண்டா. கேமரா ஒரே இடத்துல இருந்து எடுத்தது, தலை கிறுகினா காட்டும், தலை முன்னுக்குப் போனா அதுக்குக் காட்டத் தெரியாது, உலகத்தையே தலையோட இழுத்துட்டு வரும், வயித்தப் பிரட்டுறதும் அதுலதான். நான் இத விளங்கப்படுத்த வாயெடுக்க முதலே அவ கீழ பாத்துட்டா.

"என்ட காலக் காணல்லயேகா."

1998ல பொட்வினிக், கோகன் எண்டு ரெண்டு பேர் ஒரு ஆள்ட கைய மறைச்சு வெச்சிட்டு முன்னால ரப்பர் கை ஒண்ட வெச்சாங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல பிரஷ்ஷால தடவ தடவ, ஆள் ரப்பர் கைய தன்ட கை எண்டே உணரத் தொடங்கினது. விஆர்ல இரவல் உடம்பு குடுக்கிறதுக்கெல்லாம் அடிப்படை இதுதான். வீடியோவுல அந்த இரவலும் கிடையாது, கேமரா ஸ்டாண்டுட மூணு கால்தான் மங்கலா அழிஞ்சு தெரியும்.

"மூணு கால் இரிக்கு பெரியம்மா" எண்டன்.

சிரிக்கல்ல அவ. அதுக்குள்ள வேற எங்கயோ பாத்துட்டா, கைய நீட்டி காத்துல ஒரு இடத்தக் காட்டுறா. "அந்தா, அந்த வாய்க்கால் வாய் உடைஞ்சு தண்ணி முழுக்க மத்தவன்ட வரவைக்குள்ள போகுது. ஆர்ட வயல் இது? போன எடுத்து கெதியாச் சொல்லு அவருக்கு." வீடியோ எடுத்து மூணு நாள் பெரியம்மா எண்டு சொன்னன். கேக்கல்ல, எடுக்கச் சொன்னா எடு எண்டா, எடுத்தன். அவர் போய்ப் பாத்து அடுத்த நாள் மண்வெட்டியோட நிண்டு படம் அனுப்பினார், மெய்யாவே உடைஞ்சுதான் கிடந்திச்சாம்.