மென்சவ்வுப் படத்தில் விடுபட்டவை

உயர்தரத்தில் உயிரியல் படித்த எவருக்கும் கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வின் அந்தப் படம் மறக்காது. உருண்டைத் தலை, அதற்குக் கீழே இரண்டு வால். அதேபோல தலைகீழாக இன்னொரு வரிசை. நடுவில் அங்கங்கே புரதக் கட்டிகள். சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் சொன்ன பாய்ம சித்திரவடிவ மாதிரி. வெள்ளவத்தையில் என் டியூஷன் வகுப்பில் வருஷா வருஷம் அதைப் பலகையில் கீறுகிறேன், வருஷா வருஷம் எரிச்சலும் வருகிறது. படத்தில் வேலை செய்வதெல்லாம் புரதம்தான். உப்பை உள்ளே விடுவது புரதம், வெளியே தள்ளுவது புரதம், ஓமோனை அடையாளம் காண்பதும் புரதம். தலையும் வாலுமாக நிற்கும் அந்தக் கொழுப்பு மூலக்கூறுகள், அதாவது இலிப்பிட்டுகள், மட்டும் ஒரே அச்சில் வார்த்தமாதிரி சும்மா நிற்கும்.

தாவரக் கலத்தைப் பொறுத்தவரை இது பெரிய அநியாயம்.

முதலில், அந்தத் தலைகள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் கோலின் என்ற சிறு மூலக்கூறு இருக்கும், சிலவற்றில் இனோசிற்றோல் என்ற வேறொன்று இருக்கும். இனோசிற்றோல் தலையில் எந்த இடத்தில் பொஸ்பேற்று ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்தே சில புரதங்கள் எந்த மென்சவ்வில் போய் ஒட்டுவது என்று தீர்மானிக்கின்றன. அளவில் இவை மிகச் சொற்பம். ஆனால் வேலை அங்கேதான் நடக்கிறது.

இந்த இலிப்பிட்டுகளில் எனக்கு மிகப் பிடித்தது பொஸ்பற்றிடிக் அமிலம். அதன் கதை கரட்டில் தொடங்குகிறது. 1947இல் ஹனகன், சைக்கோஃப் என்ற இருவர் கரட்டில் ஒரு நொதியத்தைக் கண்டார்கள். பொஸ்போலிப்பிட்டின், அதாவது தலையில் பொஸ்பேற்று உள்ள இலிப்பிட்டின், தலையிலிருந்து கோலினை மட்டும் நறுக்கி எடுத்துவிடும் நொதியம். இன்று அதற்குப் பெயர் பொஸ்போலிப்பேஸ் டி. விலங்குகளில் இதே நொதியத்தைக் காண இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. நுவரெலியா கரட்டை நறுக்கும்போது இதை நினைத்துக்கொள்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கோலின் போனபின் மிஞ்சுவதுதான் பொஸ்பற்றிடிக் அமிலம். சின்னத் தலை, அதில் மறை ஏற்றம். சாதாரண நாளில் இலைக் கலத்தில் கொஞ்சமே இருக்கும். தண்ணீர் வற்றினால், உப்பு ஏறினால், குளிர் தாக்கினால், இலை காயப்பட்டால் சில நிமிடங்களில் கூடிவிடும். தேவை முடிந்ததும் கலம் அதை வேறொரு இலிப்பிட்டாக மாற்றிவிடும். இப்படி வந்து போகிற பொருள்தான் சமிக்ஞையாக இருக்க முடியும். எந்நேரமும் நிறைந்து கிடப்பது எதைச் சொல்லப் போகிறது?

தை, மாசியில் கொழும்பில் மழை ஓய்ந்து வெயில் ஏறும் நாட்களில் என் பல்கனித் தக்காளி நடுப்பகலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஓமோன் இலையின் நுண்துளையான இலைவாயை மூடச் சொல்கிறது என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் இலைவாயின் இருபுறமும் நிற்கும் காவற்கலத்தில் ஏபிஐ1 என்றொரு புரதம் இருக்கிறது. அந்தக் கட்டளையை அமுக்கி வைத்திருப்பதே அதன் வேலை. ஆய்வுகூடங்களில் வளர்க்கும் அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியில் சூமின் வாங் என்ற ஆய்வாளரின் குழு 2004இல் காட்டியது இதுதான்: அப்சிசிக் அமிலம் வந்ததும் பொஸ்போலிப்பேஸ் டி வேலை தொடங்கி பொஸ்பற்றிடிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அது ஏபிஐ1ஐப் பிடித்து மென்சவ்வோடு ஒட்டவைக்கிறது, காவல்காரனைக் கதிரையோடு கட்டிப்போட்ட மாதிரி. தடை விலகுகிறது. பொஸ்பற்றிடிக் அமிலமே, மூடச் சொல்லும் இன்னொரு சமிக்ஞையான ஐதரசன் பரவொட்சைட்டு உருவாவதையும் தூண்டிவிடும். கடைசியில் காவற்கலத்திலிருந்து பொற்றாசியம் வெளியேற, பின்னால் தண்ணீரும் போக, இலைவாய் மூடிக்கொள்கிறது. பொஸ்போலிப்பேஸ் டி குறைந்த செடிகள் சாதாரணச் செடிகளைவிட வேகமாக நீரை இழக்கின்றன.

வெள்ளவத்தையில் செடி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு தலையிடி, உப்புக் காற்று. ரயில் பாதையைத் தாண்டினால் கடல். செடி உப்பை எப்படி உணர்கிறது என்று கேட்டால் ஏதோ ஒரு புரதத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள். 2019இல் வந்த பதில் வேறு. மென்சவ்வின் வெளிப்புற அடுக்கில் சர்க்கரைத் தலையோடு இருக்கும், ஸ்பிங்கோலிப்பிட்டு என்ற ஒருவகை இலிப்பிட்டில் சோடியம் அயன் நேரடியாகவே ஒட்டுகிறது. அதைத் தொடர்ந்து கல்சியம் கலத்துக்குள் பாய்கிறது. அதாவது இங்கே உப்பை முதலில் தொட்டு அறிவது இலிப்பிட்டு. இதை வாசித்த அன்று யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது. வீட்டில் கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்ததால் செடிக்கே சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் அழகழகான சமிக்ஞைப் படங்கள் வரும். பெரும்பாலும் விலங்குக் கலத்துடையவை. அங்கே பொஸ்போலிப்பேஸ் சி என்ற நொதியம் இனோசிற்றோல் இலிப்பிட்டை இரண்டாக வெட்ட, ஒரு துண்டு கல்சிய வாசலைத் திறந்துவிடும், மற்றத் துண்டான இருஅசைல்கிளிசரோல் புரதக் கைனேஸ் சி என்ற இன்னொரு நொதியத்தை எழுப்பும். பூக்கும் தாவரங்களில் அந்தக் கைனேஸும் இல்லை, விலங்குகளில் உள்ளது போன்ற அந்தக் கல்சிய வாசலும் இல்லை. தாவரம் இருஅசைல்கிளிசரோலுக்கு ஒரு பொஸ்பேற்றை ஏற்றி, திரும்பவும் நம்ம பொஸ்பற்றிடிக் அமிலமாகவே ஆக்கிவிடும். விலங்குப் படத்தில் பச்சை நிறம் பூசினால் தாவரப் படம் ஆகாது.

மல்லிகைக்கும் இதில் பங்குண்டு. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போகும்போது தலையில் வைக்கிற மல்லிகையின் இனம்தான். மீதைல் ஜஸ்மோனேற்று என்ற வாசனைப் பொருளை 1962இல் மல்லிகை எண்ணெயில் கண்டார்கள். அப்போது அது வாசனைத் திரவியக்காரர்களின் சரக்கு. 1990இல் ஃபார்மர், ரையன் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் ஆவி பட்ட தக்காளி இலைகள் பூச்சியின் சமிபாட்டைக் குழப்பும் புரதங்களைத் தயாரிப்பதைக் காட்டினார்கள். புழு கடித்ததும் பச்சையவுருமணி மென்சவ்வின் இலிப்பிட்டிலிருந்து லினோலெனிக் அமிலம் கழன்று, படிப்படியாக மாறி, அந்த வாசனைப் பொருளின் தாய்ப்பொருளான ஜஸ்மோனிக் அமிலமாகிறது. வெட்டிய புல்லின் பச்சை வாசனையும் பெரும்பாலும் அதே லினோலெனிக் அமிலத்திலிருந்து பிரியும் இன்னொரு கிளைதான்.

“மிஸ், இதெல்லாம் எக்ஸாமுக்கு வருமா?” என்று போன கிழமை ஒரு பிள்ளை கேட்டான். வராது. மூடும், திறக்கும் என்ற அளவுக்குத்தான் கேட்பார்கள். அதனால் பாடம் முடிந்தபிறகு, பஸ் பிடிக்கும் அவசரம் உள்ளவர்களை அனுப்பிவிட்டு, இருக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். அவனும் இருந்தான்.