காமன் கூத்துக்கு எத்தனை பேர்?

சிவன் காமனை (மதனை) எரித்த கதையை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடுவது காமன் கூத்து. அப்படி ஒரு கூத்தின் பெறுமதி என்ன என்று ஆராயப் போகிறவர்கள் முதலில் விழாக் குழுவின் கணக்குக் கொப்பியைத்தான் கேட்பார்கள். ரதி மதன் உடுப்பு, முகப்பூச்சு, ஜெனரேட்டர், பூசைச் சாமான் எல்லாம் அதில் இருக்கும். உழைப்பு இருக்காது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றியது முதல் காமன் எரியும் இரவு வரை போன ராக்கண் முழிப்பு எதுவும் அங்கே பதிவாவதில்லை.

அதை அளக்கும் அலகு தோட்டத்திலேயே இருக்கிறது: செக்ரோல் பேர், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில் ஓர் ஆளுக்கு விழும் ஒரு நாள் வேலை. எட்டு மணித்தியாலம் ஒரு பேர் என்று வையுங்கள். பன்னிரண்டு ஆட்கள் பத்து இரவு, இரவுக்கு இரண்டு மணித்தியாலம் பழகினால் 240 மணித்தியாலம், அதாவது 30 பேர். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி 40,500 ரூபாய். தப்பு மேளம் அடிப்பவர், கூத்துப் பழக்கும் வாத்தியார், பந்தல் போட்டவர்களைத் தனித்தனியாக எழுதுங்கள். பெண்களிடம் "கூத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "ஒன்னும் செய்யலயே" என்பார்கள். "ராத்திரி தேத்தண்ணி யார் ஊத்தினது? வெறகு யார் கொண்டாந்தது?" என்று கேளுங்கள். பனியில் தோல் தொய்ந்துபோன தப்பைக் காய்ச்சவும் அந்த விறகுதான்.

வரவுப் பக்கம்தான் அதிகம் ஏமாற்றும். அன்றிரவு வடைக் கடையில் விழுந்த காசெல்லாம் கூத்தால் வந்த வருமானமல்ல. அதில் பெரும்பங்கு அதே லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஆட்களின் சம்பளம், நாளைக்குச் செலவாக வேண்டியது இன்றைக்குச் செலவானது. கொழும்புக் கடைகளிலிருந்து லீவு போட்டு வந்த பிள்ளைகள் செலவழித்ததை மட்டும் புதுக் காசாக எடுங்கள். அதிலும் தோட்டத்துக்கு வெளியே, அட்டன் நகரத்தில் சாமான் வாங்கப் போனதைக் கழியுங்கள். லீவால் அவர்கள் இழந்த சம்பளம் செலவுப் பக்கம் வரும். 1966இல் பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் காட்டியது இதையே: மற்றத் தொழில்களில் கூலி ஏற ஏற, ஆட்டக்காரரின் நேரமும் விலை ஏறும், ஆனால் ஆட்டத்தை ஆள் குறைத்து ஆட முடியாது. தேயிலைக் கொழுந்து வெட்டக் கத்தரிக்கோல் வந்தது. ரதியின் ஒப்பாரிக்கு எதைக் கொண்டுவருவது?

"இதற்கு எவ்வளவு காசு தருவீர்கள்?" என்ற கேள்வி இங்கே பலிக்காது. கையில் காசில்லாதவர் சொல்லும் தொகை அவர் வறுமையைத்தான் காட்டும். "கூத்துக்காக எத்தனை பேர், எத்தனை நாள் வேலை விடுவீர்கள்?" என்று கேளுங்கள். கூத்து நடக்கும் வாரத்தில் கேட்டால் பதில் வீங்கியிருக்கும். மூன்று மாதம் கழித்து, மழைக்காலத்தில் ஒருமுறை கேளுங்கள். தப்படித்தவருக்கு எந்த லயத்தில், எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார்கள் என்பதையும் கூத்து நடக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். சமூகப் பெறுமதி என்று எழுதும் பத்தியில் அந்தச் சாதிக் கணக்கும் வர வேண்டும்.