கோயில் பித்தளையை உருளை இயந்திரத்தில் துலக்கிய அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் எங்கள் மாரியம்மன் கோயிலில், ஆடி மாதத் திருவிளக்குப் பூசைக்கென்று 108 சிறு பித்தளைக் காமாட்சி விளக்குகள் இருக்கின்றன. பால்மரம் எனும் ரப்பர் மரம் இருந்த காலத்தில், தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் இருபது பேர் கூடிப் புளியும் சாம்பலும் கொண்டு ஒரே நாளில் அவற்றைத் துலக்கி முடித்துவிடுவார்கள். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறிக் குடும்பங்களும் பட்டணத்துக்குப் போய்விட்ட பிறகு, சென்ற ஆண்டு துலக்க வந்தவர்கள் மூன்று பேர்தான். அவர்களில் இருவர் எழுபதைக் கடந்தவர்கள். புளித்தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களோடு அவர்கள் மூன்று நாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, இந்த ஆண்டு அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்தேன். வேலை முடிந்தது, பூசையும் நல்லபடியாக நடந்தது. ஆனால் நான் செய்த தவறுகளை வேறு கோயில்காரர்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இயந்திரம் எளிமையானது. உள்ளே ரப்பர் பூசிய ஓர் உருளை, அதைப் படுக்கவைத்துச் சுழற்றும் மோட்டார், உருளைக்குள் தண்ணீர், சோப்பு, அரை அங்குல நீளம்கூட இல்லாத எவர்சில்வர் ஊசிகள், அவ்வளவுதான். வெளிநாடுகளில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருப்பவர்கள், சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளை உறைகளைச் சுத்தம் செய்து மறுபடியும் மருந்து நிரப்புவதற்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த உறை 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை. அதன் உட்புறக் கரியையே அகற்றும் என்றால் எண்ணெய்க் கரி பிடித்த விளக்கையும் துலக்கும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பவில்லை. தப்பியது, அதை வாங்கிய இடம்.

விலை குறைவு என்று வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினேன். பொட்டலத்தின் மேல் அவர் உண்மையைத்தான் எழுதியிருந்தார்: தோட்டா உறை சுத்தம் செய்யும் கருவி. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதிக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ள நாட்டில், அந்த ஒரு சொல் போதும், பொட்டலம் அசையாமல் உட்கார்ந்துவிட. ஈப்போவிலுள்ள அஞ்சல் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. 30 கிலோமீட்டர் போனேன். முகப்பில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்தபடியே, "கோயில் கடிதம் கொண்டுவாங்க, ஐயா" என்றார். மறுநாள் செயலாளர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போனேன். கோயில் சாப்பு (முத்திரை) இல்லை என்று திருப்பி அனுப்பினார். சாப்பு வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "நீங்க கேட்கலையே" என்று பதில் வந்தது. நாற்பது ஆண்டுகளாக அலுவலகங்களின் முகப்புகளில் நின்று பழகியவன்தான் நான் என்றாலும், அந்தப் பதில் இன்றுவரை மனத்தை உறுத்துகிறது. மூன்றாம் முறை சாப்புக் குத்திய கடிதம், கோயில் பதிவுச் சான்றிதழின் நகல், விளக்குகளின் படம் ஆகிய மூன்றையும் கொண்டுபோன பிறகுதான், அதுவும் வேறோர் அலுவலரின் கையால், பொட்டலம் கிடைத்தது. பூசைக்கு அப்போது பன்னிரண்டு நாள்களே இருந்தன.

ஆகவே முதல் எச்சரிக்கை: தோட்டா உறைக்கென்று விற்கப்படும் இயந்திரத்தைத் தேடிப் போகவேண்டாம். நகைப் பட்டறைகளும் கல் மெருகேற்றுபவர்களும் வைத்திருக்கும் சுழல் உருளை இதே வேலையைச் செய்யும், உள்நாட்டிலேயே கிடைக்கும். மின்னழுத்தத்தையும் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து வருபவை பெரும்பாலும் 110 வோல்ட், நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட்.

முதல் தொகுதியில் பதினைந்து விளக்குகளை அப்படியே போட்டு மூடினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது தார் போன்ற கறுப்புக் குழம்பு ஒன்று ஊசிகளின் மேலும் விளக்குகளின் மேலும் உருளையின் ரப்பர் மேலும் ஒட்டியிருந்தது. பல ஆண்டு நல்லெண்ணெய் சூட்டில் இறுகிப் பிசினாகியிருக்க, குளிர்ந்த தண்ணீர் அதைக் கரைக்காமல் இளக்கி எல்லாவற்றின் மேலும் பூசிவிட்டது. ஊசிகளைச் சுத்தம் செய்யவே ஒரு மாலைப்பொழுது போயிற்று. அதன் பிறகு, விளக்குகளை முதலில் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, திரி முனையிலுள்ள கரியை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்த பின்னரே உருளையில் போட்டேன். கனமான பதினைந்து பொருள்களை ஒன்றாகப் போட்டதும் தவறுதான். அவை ஒன்றோடொன்று மோதியதில் இரண்டு விளக்குகளின் மூக்கு நசுங்கியது. எட்டுக்கு மேல் போடாதீர்கள். உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவும் கூடாது, உள்ளே இருப்பவை ஏறிச் சரிவதற்கு இடம் வேண்டும். தேய்ப்பு நடப்பதே அந்தச் சரிவில்தான்.

அடுத்த தவறு சிட்ரிக் அமிலத்தில். எலுமிச்சைத் தோலால் துலக்கிப் பழகியவர்களுக்கு, புளிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பளபளப்பும் கூடும் என்ற எண்ணம் இருக்கும். எனக்கும் இருந்தது. நான்கு லிட்டர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி போட்டேன். திறந்தபோது எட்டு விளக்குகளும் உரித்த ரம்புத்தான் தோலின் உட்புறம்போல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தன. அமிலம் மிஞ்சினால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிடும், செம்பின் நிறம் மேலே நிற்கும். விளக்குகளைத் திருப்பித் தரும்போது அந்த மூன்று பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. நல்லவேளையாக, சிவந்தது மெல்லிய மேற்படலம் மட்டுமே. அமிலமே இல்லாமல் சோப்புத் தண்ணீரிலும் ஊசியிலும் மேலும் மூன்று மணி நேரம் சுழற்றி, பிறகு பித்தளை துலக்கும் பொடியால் துணிகொண்டு தேய்த்தபோது மஞ்சள் திரும்பியது. சரியான அளவு, அந்த நான்கு லிட்டருக்குக் கால் தேக்கரண்டி. பாத்திரம் கழுவும் சோப்பையும் மறந்துவிடக்கூடாது. சோப்புதான் கழன்ற அழுக்கைத் தண்ணீரிலேயே தாங்கி வைக்கிறது, அது இல்லையென்றால் அழுக்கு திரும்பப் படிந்து பித்தளை சாம்பல் நிறமாகும்.

அளவு சரியானபின் வந்த முதல் தொகுதியை நான் மறக்கமாட்டேன். காமாட்சி விளக்கின் பின்பலகையில் கஜலட்சுமியும் இருபுறமும் யானைகளும் இருக்குமல்லவா, எங்கள் விளக்குகளில் அந்த யானைகள் வெறும் மேடுகளாகத்தான் எனக்குத் தெரியும். பல் துலக்கும் பிரஷ் எட்டாத அந்தப் பள்ளங்களில் களிம்பும் பொடியும் சேர்ந்து அடைத்திருந்தன. ஊசிகள் அங்கே நுழைந்துவிட்டன. துதிக்கையின் வளைவு தெரிந்தது, தாமரையின் இதழ்கள் தனித்தனியே தெரிந்தன. அடிப்பீடத்தைத் திருப்பியபோது, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய ‘உபயம்’ என்ற சொல்லும் அதன்கீழ் ஒரு பெண்ணின் பெயரும் இருந்தன. துலக்க வந்த அம்மா ஒருவரிடம் காட்டினேன். அவர் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்து, தம் மாமியாரின் பெயர் அது என்றார். நாற்பது ஆண்டு அந்த விளக்கைத் துலக்கியவர் அவர், அன்றுவரை அவருக்கு அது தெரியாது.

அந்த மகிழ்ச்சியில் எல்லாப் பித்தளையையும் போடத் தொடங்கியதுதான் அடுத்த பிழை. பழைய தீர்த்தச் சொம்புகள் ஆறினைப் போட்டேன். வெளியே எடுத்தபோது இரண்டின் கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் நீளவாட்டில் ஓடின. இயந்திரம் உடைத்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர்தான், அந்தச் சொம்புகள் கோயில் கட்டட வேலை நடந்த காலத்தில் பல ஆண்டுகள் பழைய பால் ஸ்டோரில் கிடந்தவை என்று நினைவுபடுத்தினார். ரப்பர் பால் உறையாமல் இருக்க அங்கே அம்மோனியா கலப்பார்கள். தட்டியும் அழுத்தியும் உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், அதன்மேல் அம்மோனியாவும் ஈரமும் படும்போது அது தானாகவே வெடிக்கும். இந்தியாவில் ஆங்கிலேயப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் இவ்வாறுதான் வெடித்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவே அதற்குக் காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. எங்கள் சொம்புகளிலும் வெடிப்பு முன்பே இருந்து, அழுக்கு அதை மூடியிருந்தது என்பதே என் முடிவு. வார்ப்பு விளக்குகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை என்பது இதற்குப் பொருந்துகிறது. எப்படியிருந்தாலும், மெல்லிய தகட்டுச் சொம்பையும் குடத்தையும் கையால்தான் துலக்கவேண்டும், அம்மோனியா கலந்த துலக்குநீரை எந்தப் பித்தளைக்கும் பயன்படுத்தக் கூடாது. உற்சவ மூர்த்தியையோ பூசையில் இருக்கும் வேறு எந்தத் திருமேனியையோ இந்த உருளையின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். எங்கள் பண்டாரம் இதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அவர் சொன்னது முற்றிலும் சரி.

உலர்த்துவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஈர விளக்குகளை ஒரே இரவு குவியலாக விட்டதில் காலையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. நமது ஊர் ஈரக்காற்றில் பித்தளை தானாகக் காயும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு தண்ணீர் அலசி, பழைய பருத்தி வேட்டியால் உடனே துடைத்து, மின்விசிறியின் முன் பரப்பவேண்டும். வெறுங்கையால் தொட்ட இடத்தில் விரல் தடம் கறுப்பாகப் படியும் என்பதால், அடுக்கும்போது துணி உறை அணிந்துகொள்வது நல்லது. உருளையில் வடிக்கும் கறுப்புத் தண்ணீரில் செம்பும் சில பித்தளைகளிலிருந்து ஈயமும் இருக்கக்கூடும். அதைத் துளசி மாடத்திலோ கீரைப் பாத்தியிலோ ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஊசிகள். எண்ணி வைப்பது இயலாது, அவ்வளவு சிறியவை, ஆயிரக்கணக்கில் இருப்பவை. வாங்குவதற்கு முன் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். எவர்சில்வரில் காந்தம் இழுக்கும் வகையும் உண்டு, இழுக்காத வகையும் உண்டு. இழுக்கும் வகையாக இருந்தால் ஒவ்வொரு விளக்கின் மேலும் காந்தத்தை ஓட்டி, ஒளிந்திருக்கும் ஊசியை எடுத்துவிடலாம். நான் வாங்கியவை நல்லவேளையாக இழுக்கும் வகை. குத்துவிளக்கின் திருகு மரையிலிருந்து மட்டும் பதினொன்றை எடுத்தேன்.

காவடிக் குழுவினரின் சலங்கைகளையும் ஆசையால் போட்டுவிட்டேன். சலங்கையின் பிளவு வழியாக ஊசி உள்ளே போகும், வெளியே வராது, பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். உள்ளே இருக்கும் குண்டு காந்தத்தை இழுப்பதால் அந்த வழியும் பயன்படவில்லை. சிறுவர்கள் காலில் கட்டி ஆடும்போது அந்த ஊசி வெளியே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்து, அறுபத்து நான்கு சலங்கைகளையும் ஒவ்வொன்றாகக் காதருகே பிடித்து ஆட்டிப் பார்த்தேன். குண்டின் ஓசையோடு மெல்லிய கிணுகிணுப்பும் கேட்டவற்றைத் தனியே வைத்து, வளைந்த கம்பியால் பூசைக்கு முந்திய இரவு பதினொரு மணிவரை ஊசிகளை எடுத்தேன். ஒன்பது சலங்கைகளில் இருந்தன. பத்தாவதாக ஒன்றில் ஐயம் தீரவில்லை, அதை வாரிலிருந்து கழற்றிவிட்டுப் புதியது கட்டினேன்.