லிடியார்டின் நூறு மைல்

நியூசிலாந்து ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் பெயரைக் கேட்டதும் ஓட்டக்காரர்கள் சொல்வது ‘வாரம் நூறு மைல்’. அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கால்களைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். அவருடைய முறையில் எண்ணைவிட வரிசைதான் முக்கியம். எதற்குப் பின் எது வரவேண்டும், அது எத்தனை வாரம் நீளவேண்டும் என்பதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1917-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவர். காலணித் தொழிற்சாலையில் வேலை. ரக்பி ஆடுகிறோம், உடம்பு திடமாகத்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தார். ஓட்டச் சங்கத்தைச் சேர்ந்த ஜாக் டோலன் அவரை ஒருநாள் ஐந்து மைல் ஓட்டத்துக்கு அழைத்துப் போனார். ஈடுகொடுக்க முடியாமல் மூச்சுத் திணறியது. முப்பதுகூட ஆகாத வயதில் இப்படியென்றால் நாற்பத்தேழில் என்ன ஆவேன் என்ற பயம்தான் அவரைத் தெருவில் இறக்கியது.

சோதனைக்கு வேறு ஆள் தேடவில்லை. சில வாரம் குறைவாக ஓடினார், சில வாரம் 250 மைல் வரை போனார். எது வலுவைக் கூட்டுகிறது, எது உடம்பைத் தின்கிறது என்று குறித்துக்கொண்டார். மிதமான அழுத்தத்தோடு ஓடும் நூறு மைலில் வந்து நின்றார். 1950-ல் ஆக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் (இன்றைய காமன்வெல்த் போட்டியின் பழைய பெயர்) மாரத்தான் ஓடினார்; 1953-லும் 1955-லும் தேசிய மாரத்தான் பட்டம் வென்றார். அவர் வீடு இருந்த ஒவைராக்கா பகுதி இளைஞர்கள் தாமாகவே பின்னால் ஓட வந்தார்கள். அவர் பயிற்சியாளர் ஆனது அப்படித்தான்.

1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். அவரிடம் பயின்ற மூவர் பதக்கம் வென்றார்கள். பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். ஒரு மணி நேரத்துக்குள் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம். சில நாள் கழித்து பேரி மேகி மாரத்தானில் வெண்கலம். 800-க்கும் மாரத்தானுக்கும் ஒரே அடித்தளம், அதாவது பல வாரம் நீளும் நெடுந்தூர ஓட்டம், என்பதை அதுவரை யாரும் நம்பவில்லை. வைட்டாகெரே மலைச்சாலையில் வையாடருவா வழியாகப் போகும் 22 மைல் சுற்றை ஸ்னெல்லும் மற்றவர்களோடு ஓடித்தான் பழகினார்.

அடித்தளக் காலம் பத்து முதல் பன்னிரண்டு வாரம். அதில் ஒரு வாரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: திங்கள் மேடுபள்ளத்தில் 10 மைல், செவ்வாய் 15, புதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து 12, வியாழன் 18, வெள்ளி நல்ல விசையில் 10, சனி 22, ஞாயிறு 15. இரண்டு தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஒன்று, இதை மெத்தனமான ஓட்டம் என்று நினைப்பது. முடிக்கும்போது இதமான களைப்பு இருக்கவேண்டும், இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கலாமே என்று தோன்றவேண்டும், அதுதான் அளவு. இன்னொன்று, நடுவில் பந்தயம் ஓடுவது, அல்லது சிறு ஓய்வு விட்டுத் திரும்பத் திரும்ப விரைந்து ஓடும் கடும் இன்டர்வெல் பயிற்சியைச் சேர்ப்பது. மெல்ல வளர்ந்துவரும் ஆக்சிஜன் திறனை அது அரித்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் மைலை மறந்துவிட்டு நிமிடத்தைக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்தில் லிடியார்டும் அதையே வலியுறுத்தினார்.

அடுத்த நான்கு வாரம் மேடு. இதைத்தான் அதிகம் பேர் தவறாகச் செய்கிறார்கள். மேட்டில் விரைந்து ஏறுவது நோக்கமல்ல. முழங்காலை உயர்த்தி, பின்காலை முழுக்க நீட்டி, கணுக்காலால் உந்தித் துள்ளித் துள்ளி ஏறவேண்டும். முன்னேற்றம் மெதுவாகவே இருக்கும். உச்சியில் லேசாக ஓடி மூச்சை நிதானப்படுத்தி, இறக்கத்தில் தளர்வான நீண்ட எட்டுகளில் இறங்கி, அடிவாரத்துச் சமதளத்தில் சில குறுகிய வேக ஓட்டங்கள். அடித்தளம் இல்லாதவர் முதல் வாரமே ஒரு மணி நேரம் துள்ளினால் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று ஏற்றத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவதே சரி.

பிறகுதான் ட்ராக். மூச்சு முட்டும் இன்டர்வெல் வாரம் மூன்று நாள், ஏறக்குறைய நான்கு வாரம். எத்தனை சுற்று, எத்தனை வினாடி என்று அவர் விதி வைக்கவில்லை. போதும் என்று உடம்பு சொல்லும் இடத்தை ஓடுபவர்தான் அறிவார் என்பது அவர் கட்சி. எனக்கு இதுவே அவர் தந்ததில் மிக மதிப்பானதாகப் படுகிறது. இந்தக் கட்டத்தை நீட்டினால் தூக்கம் கெடும், பசி குறையும், சளி பிடிக்கும், ஓடி முடிக்கும் நேரமும் கூடிவிடும். கடைசி சில வாரங்களில் கடிகாரம் வைத்து ஓடிப்பார்க்கும் நேர ஓட்டங்களும், வேகத்தைக் கூர்தீட்டும் குறுகிய ஓட்டங்களும் வரும். பந்தயத்துக்கு முந்தைய பத்து நாள், தினமும் லேசாக ஓடிக்கொண்டே சுமையை இறக்குவது. அட்டவணையைப் பந்தய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி எழுதவேண்டும். வாரம் குறைந்தால் ட்ராக்கில் வெட்டுங்கள், அடித்தளத்தில் கை வைக்காதீர்கள்.

1960-களின் பிற்பகுதியில் அவர் ஃபின்லாந்து சென்று அங்குள்ள பயிற்சியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபின்லாந்தின் லாஸ்ஸே விரேன் 5000, 10000 மீட்டர் இரண்டிலும், பெக்கா வாசாலா 1500 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள்.

பதக்கத்துக்கு வெளியிலும் அவர் வேலை இருந்தது. மாரடைப்பு வந்து தேறியவர்களையும் நடுவயதுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக ஓடவைத்தார். 1962-ன் இறுதியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் ஆக்லாந்து வந்தபோது லிடியார்ட் அவரை அந்தக் கூட்டத்தோடு ஓட அழைத்துப் போனார். 51 வயது பவர்மனால் ஈடுகொடுக்க முடியவில்லை. எழுபது தாண்டிய, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒரு பெரியவர் வேகத்தைக் குறைத்து அவரோடு பேச்சுக் கொடுத்தபடியே கூட வந்தார். ஊர் திரும்பிய பவர்மன், ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் ஜாகிங்கைத் தொடங்கிவைத்தார்.