விளக்கு எரிந்தது, லிங்க் வரவில்லை

கேபிளைச் செருகினால் ஈதர்நெட் ஜாக்கில் பச்சை விளக்கு எரிகிறது. எதிரே ஸ்விட்ச்சிலும் எரிகிறது. லினக்ஸில் நெட்வொர்க் நிலையைக் காட்டும் ஈத்டூலிடம் கேட்டால் மட்டும் லிங்க் இல்லையாம். இதோடு இரண்டரை நாள் மல்லுக்கட்டினேன்.

போர்டு நாங்களே போட்டது. ஆல்வின்னர் எச்3 சிப். அதற்குள்ளேயே 100 மெகாபிட் ஃபை (கேபிளில் சிக்னலை அனுப்பி வாங்கும் சுற்று) ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு பை ஒன், ஆரஞ்சு பை பிசி போன்ற போர்டுகளுக்கு அதுவே போதும். ஆரஞ்சு பை பிளஸ் மாதிரி கிகாபிட் வேண்டுமென்றால் ஆர்ஜிஎம்ஐஐ என்ற கிகாபிட் இணைப்பு வழியாக வெளியே தனி ஃபை வைப்பார்கள். நாங்கள் வைத்தது இரண்டிலும் சேராதது: வெளியே ரியல்டெக் ஆர்டிஎல்8201எஃப், அதே 100 மெகாபிட், பழைய எம்ஐஐ இணைப்பு.

முதல் நாள் முழுக்க ஹார்டுவேர் மேல்தான் சந்தேகம். கிரிஸ்டல், டிரான்ஸ்ஃபார்மர், சால்டரிங் எல்லாம் பார்த்தாயிற்று. ஈத்டூல் வேறு 'டிரான்ஸீவர்: எக்ஸ்டெர்னல்' என்று காட்டியதால், லினக்ஸ் கெர்னல் சரியான ஃபையோடுதான் பேசுகிறது என்று நம்பிவிட்டேன்.

மறுநாள் சும்மா ஒரு சந்தேகத்துக்கு, முகவரி 1-இல் (ஃபையைக் கெர்னல் அழைக்கும் எண்) பதில் சொல்லும் ஃபையின் அடையாள எண்ணைப் படித்தேன். ரியல்டெக் எண்ணே இல்லை. பேசிக்கொண்டிருந்தது சிப்புக்குள் இருக்கும் ஃபை. அதற்கு வெளியே கம்பியே கிடையாது, லிங்க் எப்படி வரும்? ரியல்டெக்கோ யாரையும் கேட்காமல் ஸ்விட்ச்சோடு தானே பேசி முடித்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் முகவரி 1 என்பதால் எனக்கு உறைக்கவில்லை. ஈத்டூல் காட்டிய வரியும் வெறும் இயல்பு மதிப்பு: ஃபை டிரைவர் 'நான் உள்ளே இருப்பவன்' என்று கொடி காட்டினால்தான் 'இன்டெர்னல்' வரும். இந்த ஃபையை ஓட்டியது பொது டிரைவர், அதில் அந்தக் கொடி இல்லை.

கோளாறு கெர்னல் மேல் நாங்கள் சுமந்துவந்த பழைய பேட்ச்சில் (திருத்தத்தில்). 'எம்ஐஐ என்றால் உள் ஃபை, மற்றதெல்லாம் வெளி ஃபை' என்று ஒரே ஒரு இஃப். கடையில் கிடைக்கும் போர்டுகளுக்கெல்லாம் அது பொருந்திப்போனதால் யாருக்கும் உறுத்தவில்லை.

அவசரத்தில், சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் சிஸ்கான் ரெஜிஸ்டரில் 15-ஆம் பிட்டை நானே 0 ஆக்கினேன். அது 1 என்றால் உள் ஃபை, 0 என்றால் வெளி ஃபை. எதுவும் மாறவில்லை, பழைய ஃபையே பதில் சொன்னது. அரை நாள் கழித்துத்தான் தெரிந்தது, பிட்டை மாற்றிய பிறகு எம்ஏசியை (சிப்புக்குள் ஃபையோடு பேசும் ஈதர்நெட் பகுதி) ரீசெட் செய்யாவிட்டால் அது முந்தைய ஃபையையே பிடித்துக்கொண்டிருக்கும் என்று. இதை லினக்ஸின் அதிகாரப்பூர்வ மெயின்லைன் டிரைவரில் ஒரு கமென்ட்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். முதலிலேயே படித்திருக்கலாம்.

கடைசியில் பேட்ச்சைத் தூக்கிப்போட்டுவிட்டு 4.15 கெர்னலுக்கு மாறினோம். உள்ளா வெளியா என்ற இந்தக் கேள்வியை டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) எப்படி எழுதுவது என்பது தீராததால்தான் 4.13-இல் நுழைந்த டிரைவரிலிருந்து அது ஆதரிக்கும் சிப் பெயர்களை எடுத்துவிட்டு, 4.15-இல் திரும்பச் சேர்த்தார்கள். இப்போது டிரைவர் ஊகிப்பதில்லை. ஃபையைக் கட்டுப்படுத்தும் எம்டிஐஓ பஸ்ஸைப் பிரித்துவிடும் மக்ஸின் கீழ் உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என இரண்டு பஸ்கள். ஃபை எந்தப் பஸ்ஸின் கீழ் எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் விடை. ரீசெட்டையும் டிரைவரே பார்த்துக்கொள்கிறது. ரியல்டெக்கை வெளிப் பஸ்ஸின் கீழ் நகர்த்தினேன், ஐந்து வரி வேலை. பூட் ஆனதும் 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ்.

ஈத்டூல் இப்போதும் 'எக்ஸ்டெர்னல்' என்றுதான் சொல்கிறது.