புளியங்கொட்டை போன இடமெல்லாம் நம் நாடு

டிராகன் இருக்கிறது என்றால் ஒத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஐந்நூறு வயது, நெருப்பைக் கக்கும், சுத்தத் தமிழில் பேசும் என்றாலும் "சரி, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "இந்தக் கோட்டையின் எல்லை, பீரங்கிக் குண்டு போய் விழுந்த இடம் வரைக்கும்" என்று ஒரே ஒரு வரி சொன்னேன். அதுவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த நாலு பேரும் கட்சி கட்டிக்கொண்டு என் மேல் பாய்ந்துவிட்டார்கள்.

விஷயம் புரிய, விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சுற்றி உட்கார்ந்து கதைவிடுவதுதான் ஆட்டம். ஒருவர் கேம் மாஸ்டர், அவர் நிலைமையைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து தான் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். "கதவை உடைக்கிறேன்" என்றால் உடனே உடைந்துவிடாது. இருபது பக்கம் உள்ள ஒரு பகடையை உருட்டி, வந்த எண்ணோடு உடம்பு பலத்துக்கான எண்ணைக் கூட்டி, கேம் மாஸ்டர் மனதில் வைத்திருக்கும் எண்ணைத் தொட்டால்தான் கதவு உடையும். கேம் மாஸ்டர் தன் குறிப்புகளை மறைத்துக்கொள்ள எதிரே ஓர் அட்டைத் தடுப்பு வைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அது தாள் தீர்ந்துபோன தினசரிக் காலண்டர் அட்டை. என் ரகசியங்களை முருகன் மறைத்துக்கொண்டிருப்பார்.

இந்த விளையாட்டுக்கு விற்கும் கதை உலகங்களில் பெரும்பாலும் பனியும் ஊசியிலைக் காடும்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில், கத்திரி வெயிலில், கரண்ட் போன ஹாலில் உட்கார்ந்துகொண்டு "கம்பளி அங்கியை இறுகப் போர்த்திக்கொள்கிறீர்கள்" என்று எப்படிச் சொல்வது? அக்கா பையன், "மாமா, என் ஆளு அதைக் கழட்டிட்டான்" என்றான். அன்றைக்கே முடிவு செய்தேன், நம் ஊரை வைத்து நாமே ஓர் உலகம் செய்துவிடலாம் என்று. முதலில் வெண்கடல் நகர் என்று பெயர் வைத்தேன். "பத்திரப்பதிவு இலவசமா மாமா?" என்றான். பெயர் இல்லாமலேயே தொடங்கினோம்.

இந்த வகை ஆட்டங்களில் பாதி மதுக்கூடத்தில்தான் ஆரம்பிக்கும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்காருவார்கள், யாரோ ஒரு கிழவர் வந்து புதையல் இருக்கிறது என்பார். நானும் அப்படியே, "நீங்கள் நால்வரும் ஒரு மதுக்கூடத்தில் சந்திக்கிறீர்கள்" என்றேன்.

பேங்கில் வேலை பார்க்கும் நண்பன் கேட்டான்: "செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அது ஏன்?"

"முள்ளோடை தாண்டிட்டா புதுச்சேரி, ரேட்டே வேறயாச்சே மச்சான். கையில இருக்கிறது பத்து வெள்ளிக்காசு."

அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த சித்தி பெண், "அண்ணா, எங்க ஊருன்னாலே உங்களுக்கு இதான் ஞாபகம் வருமா?" என்று சண்டைக்கு வந்தாள். ஹால் ஓரத்தில் அரிவாள்மணையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி, "என்னடா அங்க?" என்றார். அரை நிமிடத்தில் மதுக்கூடம் டீக்கடையாகிவிட்டது. டீக்கடைக்காரருக்கு டிராகன் பாக்கி வைத்திருக்கிறது, போய் வசூலிக்க வேண்டும். கதைக்கு அது போதும்.

அடுத்து வரைபடம். சார்ட் பேப்பரில் கெடிலம், தென்பெண்ணை, கடற்கரை, தெற்கே பிச்சாவரம் மாதிரி ஒரு சுரபுன்னைக் காடு. அதற்குள்தான் டிராகன். வடக்கே ஒரு ராஜ்ஜியத்தைத் துண்டு துண்டாகச் சிதறவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை அடித்திருந்தேன். "கலர் அடிக்கும்போது கை நடுங்கிடுச்சா மாமா?" என்றான் அக்கா பையன்.

பதிலை நான் சொல்லவில்லை, சித்தி பெண் சொன்னாள். "விழுப்புரம் பஸ்ல ஏறிப் பாரு. வில்லியனூர் புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டு திரும்பவும் புதுச்சேரி. வளவனூர் வந்தா மறுபடி உங்க ஊரு. தூங்கி எழுந்தா கடை போர்டைப் பார்த்துத்தான் எங்க இருக்கோம்னே தெரியும்." பிரெஞ்சுக்காரர்கள் வாங்கியதும் பிடித்ததுமாகச் சேர்த்த நிலம் அது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோதும் அந்தத் துண்டுகளாகவே வந்தது. காரைக்கால் தஞ்சைப் பக்கம், ஏனாம் ஆந்திராவில், மாஹே கேரளக் கரையில். இப்படி ஒரு ராஜ்ஜியத்தை நான் சொந்தமாக யோசித்து எழுதியிருந்தால் என்னாலேயே நம்ப முடிந்திருக்காது.

இதை ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். பீரங்கிக் குண்டைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

பேங்க் நண்பன் வீட்டுக்கடன் பிரிவில் இருக்கிறான். "நிலம்னா சர்வே நம்பர் வேணும், நாலு பக்கமும் எல்லை சொல்லணும். குண்டு விழுந்த இடம்னு எழுதினா எந்த ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவாகும்? கதைன்னாலும் ஒரு நியாயம் வேணாமா?"

நானாக விட்ட கதை இல்லையப்பா என்று விளக்கினேன். நம்ம தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி அதை மராத்தியர்களிடம் வாங்கியது. கோட்டையும், அதிலிருந்து சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் என்றுதான் பேச்சு. இப்படி ஒரு ஒப்பந்தம் கிடைத்தால் யார் சும்மா இருப்பார்கள்? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊரெல்லாம் கம்பெனிக்குப் போனது. அவற்றைக் குண்டு கிராமங்கள் என்றே சொன்னார்கள்.

"சும்மா அடிச்சு விடாத மச்சான்" என்றான்.

"உன் ஆதார் கார்டை எடு."

எடுத்தான். வீட்டு விலாசத்தை வாய்க்குள்ளேயே படித்தான். குண்டு உப்பலவாடி. பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறான். கார்டைத் திரும்ப பர்சில் செருகிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எங்க வீடு எல்லைக்கு உள்ளயா, வெளியிலயா?" என்றான்.

அதன் பிறகு அவன்தான் அந்த விதிக்கு முழுநேர வக்கீல். எல்லையை நான் பேனாவால் வரையக்கூடாதாம், சுட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். அம்மாவின் முறத்திலிருந்து ஆளுக்கொரு புளியங்கொட்டை எடுத்துக்கொண்டோம். வரைபடத்தில் கோட்டை இருக்கும் இடத்தில் வைத்து, கேரம் ஸ்டிரைக்கரைச் சுண்டுவது போல ஒரே சுண்டு. நிற்கும் இடம் வரை அவரவர் நாடு.

சித்தி பெண்ணின் கொட்டை கெடிலத்தின் நடுவில் நின்றது. அவளுக்கு ஒரு தீவு. அக்கா பையன் விரல் பலத்தையெல்லாம் காட்டியதில் அது தையல் மெஷின் காலில் பட்டுத் திரும்பி வந்து கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. பேங்க்காரனுடையது சார்ட்டைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் புகுந்து, ட்ரங்குப் பெட்டியில் டங்கென்று மோதியது. "பெட்டி வரைக்கும் நம்மளுது" என்று குனிந்து பார்த்துக்கொண்டே அறிவித்தான். "பெட்டிக்குள்ள என்ன இருக்கு ஆன்ட்டி?"

ஓ.டி. என்கிற ஓல்டு டவுன் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதும் நண்பன் மட்டும் மெதுவாக, இரண்டு விரற்கடை தூரத்துக்குச் சுண்டினான். கெடிலம் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் போய் நின்றது. "எனக்கு இது போதும். உள்ள வர்ற படகு, வெளிய போற படகு, எல்லாம் எனக்கு வரி கட்டிட்டுத்தான் போகணும்." இவனை 1690இல் கம்பெனிக்காரர்கள் பார்த்திருந்தால் வேலைக்கு எடுத்திருப்பார்கள்.

மந்திர விதிகளில்தான் அம்மா உள்ளே வந்தார். முனிவர் ஒருவரைக் கல்லில் கட்டிக் கடலில் போடுகிறார்கள், மிதக்க வேண்டுமானால் பகடையில் பதினெட்டு விழ வேண்டும் என்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பரையாடா சொல்ற?"

"பேரெல்லாம் சொல்லலம்மா."

"கல்லோட மிதந்து வந்தவரு வேற யாரு? நம்ம திருப்பாதிரிப்புலியூர்லதானே கரையேறினாரு. பதிகம் பாடினாரு, மிதந்தாரு. அவரு எதுக்குடா உன் தாயக்கட்டையை உருட்டணும்?"

வாதம் சரியாகத்தான் இருந்தது. மனமுருகிப் பாடினால் பகடை உருட்ட வேண்டாம் என்று விதியைத் திருத்தினேன். அதோடு ஆட்டம் கைவிட்டுப் போனது. பள்ளம் தாண்ட பாட்டு, பாம்பை விரட்ட பாட்டு. பூட்டிய கதவு ஒன்று வந்ததும் ஏலக்கார நண்பன் தொண்டையைக் கனைத்தான். அம்மா கையை உயர்த்தி, "கதவுன்னா ஒண்ணு பத்தாது. வேதாரண்யத்துல அப்பர் ஒரு பதிகமே பாடித்தான் திறந்தாரு" என்றார். அவன் சினிமாப் பாட்டில் மூன்று தாண்டவில்லை. "சுருதியே சேரலை. நீ உருட்டிக்கோ" என்று தீர்ப்பானது. உருட்டினான், ஒன்று விழுந்தது. தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்று முருகனுக்குப் பின்னாலிருந்து நான் சொன்னேன்.

வடலூரையும் வைத்திருந்தேன். வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது அல்லவா, அந்த மாதிரி ஓர் அணையா அடுப்பு. வீரர்கள் அங்கே ஒரு வேளை சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது திட்டம். இலவசச் சாப்பாடு என்றதும் அக்கா பையனின் வாள்வீரன் அங்கேயே தங்கிவிட்டான். இலை எடுக்கிறானாம்.

டிராகனைத் தேடி இதுவரை யாரும் போகவில்லை. டீக்கடை பாக்கி அப்படியே நிற்கிறது. பேங்க்காரன் ட்ரங்குப் பெட்டிக்குப் பட்டா கேட்டு அலைகிறான், சித்தி பெண் தீவுக்குப் படகு கேட்கிறாள், ஏலக்காரன் அந்தப் படகுக்கு வரி கேட்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாலைப் பெருக்கிய அம்மா நாலு நாட்டையும் சேர்த்து வாரி டப்பாவில் போட்டுவிட்டார். "எது யாருதுன்னு நீங்களே பொறுக்கிக்குங்க, எனக்கு டப்பா வேணும்" என்றார். டப்பாவைத் தரையில் கவிழ்த்தோம். பேங்க் நண்பன் ஒரு கொட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ட்ரங்குப் பெட்டியில் மோதிய வடு இருக்கிறது, இதுதான் தன்னுடையது என்றான். அது தையல் மெஷினில் பட்ட வடு என்கிறான் அக்கா பையன். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.